ஃப்ரீக் பேரல் கிட்: வாங்கலாம், ஆனால் முதலில் வாங்காதீர்கள்

டொராண்டோவில் அலுவலக நண்பர்களோடு மாதம் ஒரு சனிக்கிழமை பெயின்ட்பால் ஆடப் போவேன். சாயம் நிரப்பிய பந்துகளைத் துப்பாக்கியால் ஒருவர் மேல் ஒருவர் சுடும் ஆட்டம் அது. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிப்மேன் 98 கஸ்டம் துப்பாக்கி. செங்கல் மாதிரி கனம், செங்கல் மாதிரியே உழைக்கும். நான் சுடுவதுதான் எங்கேயோ போகும். சின்ன வயதில் டென்னிஸ் பந்தில் ஒரு பக்கம் மட்டும் இன்சுலேஷன் டேப் ஒட்டி ஸ்விங் போடுவோமே, அப்படி ஒரு பந்து இடது பக்கம் வளையும், அடுத்தது வலது பக்கம். "பேரலை மாத்துடா" என்றான் நண்பன், துப்பாக்கிக் குழலைத்தான் சொன்னான். மாற்றினேன்.

நான் வாங்கிய ஃப்ரீக் கிட்டில் பின்குழல், முன்குழல், அப்புறம் பின்குழலுக்குள் சொருக எட்டு அலுமினிய இன்சர்ட்கள், அதாவது மெல்லிய உள்குழல்கள். உள்விட்டம் 0.679 அங்குலத்தில் தொடங்கி 0.695 வரை, அளவுக்கு ஒரு நிறம். எதற்கு இத்தனை? பந்து 0.68 என்பது பெயருக்குத்தான். பந்தின் ஓடு ஜெலட்டின். ஈரம் பட்டால் உப்பும். அதனால் அன்றைக்குக் கையில் இருக்கும் பந்துக்கு அளவு பார்க்க வேண்டும். பேரலைக் கழற்றிப் பந்தைப் பின்பக்கமாகப் போடுங்கள். தானாக உருண்டு விழுந்தால் இன்சர்ட் பெரிது. உள்ளே நின்று, வாயால் ஊதினால் வெளியே வந்தால் அதுதான் சரி.

முதல் நாள் பெரிய ஏமாற்றம். புது பேரல், அதே ஸ்விங். கிட்டைத் திட்டிக்கொண்டே, பந்தின் வேகத்தை அளக்கும் குரோனோவில் வேகம் பார்த்தேன். முதல் பந்து நொடிக்கு 275 அடி. வேகமாகப் பத்து சுட்டபின் 240. விஷயம் புரிந்தது. அக்டோபர் குளிரில், பந்தைத் தள்ளும் வாயுவுக்கு நான் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மாட்டியிருந்தேன். உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகும்போது சிலிண்டரே ஜில்லிட்டு அழுத்தம் இறங்கிவிடும். பந்துக்குப் பந்து வேகம் மாறினால் எந்தப் பேரல் என்ன செய்யும்? அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் உள்ள 3000 பிஎஸ்ஐ அழுத்தக் காற்று டேங்குக்கு மாறினேன். வேகம் ஐந்து, ஆறு அடிக்குமேல் ஆடவில்லை.

அடுத்த குற்றவாளி பந்து. போன சீசனில் மிஞ்சியதை பேஸ்மென்ட்டில் வைத்திருந்தேன். கையில் உருட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் குழி. புதுப் பெட்டி வாங்கினேன்.

இருபத்தைந்து மீட்டரில் பழைய ஹெல்மெட் ஒன்றை வைத்து இருபது பந்து சுட்டேன். முன்பு ஐந்து பட்டது. காற்றும் புதுப் பந்தும் வந்ததும், பழைய பேரலிலேயே பதினொன்று. ஃப்ரீக்கில் சரியான இன்சர்ட் போட்டதும் பதின்மூன்று. உதவி உண்டு, ஆனால் அந்த இரண்டு பந்துக்குத்தான் காசு. முன்குழல் நீளமாக இருந்தால் தூரம் போகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். முதல் எட்டு அங்குலத்துக்குள்ளேயே வாயு தன் வேலையை முடித்துவிடும். மிச்ச நீளத்தில் இருக்கும் துளைகள் சத்தத்தைக் குறைக்கத்தான்.

உள்ளே பந்து உடைந்தால் சாயம் இணைப்பு இடுக்கில் புகுந்துவிடும். குழலுக்குள் விட்டுத் துடைக்கும் ஸ்க்வீஜி மட்டும் போதாது, பிரித்துத் துடைக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே இது பெரிய தொல்லை.

இன்சர்ட் மெல்லிசு, கீழே வைக்காதீர்கள். 0.684-ஐ நானே மிதித்து வளைத்துவிட்டேன். எனக்கு வேலை செய்வது 0.687, 0.689 இரண்டும்தான். மீதி ஐந்தும் பெட்டியில் தூங்குகின்றன.