டிவி ‘கலர் காலிபரேஷன்’ என்று தனியாகக் காசு கேட்கிறார்களா? ரிப்போர்ட்டை உன்னிப்பாகப் பாருங்கள்

55 இஞ்ச் எல்இடி டிவி வாங்கிய ஒருவரிடம், ‘ப்ரொஃபஷனல் கலர் காலிபரேஷன்’ (திரையின் நிறங்களை அளந்து சரிசெய்வது) என்று சொல்லி கடையிலேயே ரூ.3,500 கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் வந்த ஆள் யூடியூபில் ஒரு கிளி வீடியோவை ஓடவிட்டார். செல்போனைத் திரைக்கு நேரே பிடித்தபடி ரிமோட்டில் நாலு பட்டன் தட்டினார், இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ரிப்போர்ட் வந்தது. பச்சைக் கட்டங்கள், வழுவழுப்பான கோடுகள், சராசரி டெல்டா ஈ (சரியான நிறத்திலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண், குறைந்தால் நல்லது) 0.4 என்று பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் இரவு செட்டாப் பாக்ஸில் செய்தி போட்டால் வாசிப்பவர் முகம் தக்காளிச் சிவப்பு. கடைக்குப் போன் செய்தால், “புது பேனல் சார், கண்ணு பழகிடும்.”

அந்த ரிப்போர்ட் வேறு ஏதோ டிவியுடையது. அதில் உச்ச வெளிச்சம் 712 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்று இருந்தது. இவர் வாங்கியதோ 300 நிட்ஸைத் தாண்டாத மாடல். கறுப்பின் அளவு 0.000. எல்இடி டிவி எல்லாமே பின்னால் விளக்கு எரியும் எல்சிடிதான், கறுப்பிலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். வெள்ளையை 100 நிட்ஸில் வைத்தால் ஐபிஎஸ் வகை எல்சிடி பேனலில் கறுப்பு 0.1 நிட்ஸை ஒட்டி நிற்கும், விஏ வகையில் 0.02, 0.03 என்று வரும். திரை முழுக்கக் கறுப்பானால் விளக்கையே அணைத்துவிடும் மாடல்கள் உண்டு, அவற்றில் சைபர் வரலாம். ஆனால் 712 நிட்ஸும் சைபரும் ஒரே தாளில் இருந்தால் அது ஏதோ ஓஎல்இடியில் (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) எடுத்த ரிப்போர்ட் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். மாடல் பெயரும் சீரியல் நம்பரும் அச்சிடாத ரிப்போர்ட் என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

செல்போன் கேமராவால் இந்த வேலை நடக்காது. வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்காக கேமரா தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். திரை நீலம் பாய்ந்திருந்தாலும் போனில் சரியாகவே தெரியும். நிறத்தை அளக்க கலரிமீட்டர் என்ற தனிக் கருவி வேண்டும். அதைத் திரையில் தொங்கவிடுவார்கள், அல்லது ட்ரைபாடில் நிறுத்துவார்கள். லேப்டாப் சாஃப்ட்வேர் சாம்பல் கட்டங்களையும் வண்ணக் கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்ட, மீட்டர் அளக்கும். பேனல் வகையை (ஓஎல்இடியா, குவாண்டம் டாட்டா, சாதாரண எல்இடியா) சாஃப்ட்வேரில் சரியாகக் குறிக்காவிட்டால் நல்ல மீட்டரே தப்பாக அளக்கும். டிவி அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான் தொடங்க வேண்டும். எச்டிஆரையும் (வெளிச்சமும் நிறமும் கூடுதல் வீச்சில் வரும் வீடியோ வகை) சேர்த்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் சாதாரணமாக ஆகும். இருபது நிமிடத்தில் முடித்தேன் என்பவர் பிக்சர் மோடை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

முகம் சிவந்ததற்கு இரண்டு காரணம். முதலாவது, வந்தவர் கை வைத்தது யூடியூப் ஆப்பில் மட்டும். பல டிவிகளில் பிக்சர் செட்டிங் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனி. எச்டிஆருக்கும், அதிலேயே ஒரு வகையான டால்பி விஷனுக்கும் மறுபடி தனி. செட்டாப் பாக்ஸ் இருக்கும் எச்டிஎம்ஐ, கடையில் இருந்த, நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடிலேயே கிடந்தது. இரண்டாவது, கலர் ஸ்பேஸ் ‘நேட்டிவ்’ என்று இருந்தது. எச்டி சேனல்கள் வருவது ரெக் 709 என்ற நிற எல்லைக்குள். நேட்டிவ் போட்டால் பேனலால் முடிந்த அகலத்துக்கு அந்த நிறத்தை இழுத்துவிடும். கிளிக்கு அது அழகு, மனிதத் தோலுக்கு அசிங்கம். ‘ஆட்டோ’ போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்கா 3,500 ரூபாய்?

மீட்டர் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய உண்டு. ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அது, இல்லாவிட்டால் மூவி அல்லது சினிமா. கலர் டெம்பரேச்சர் ‘வார்ம்’ (வார்ம் 1, 2 என்று இருந்தால் 2). ஈகோ சென்சார், டைனமிக் கான்ட்ராஸ்ட், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் ஆஃப். முதல் நாள் படம் மஞ்சளாகத் தெரியும். கண் பழகும் என்ற பேச்சு இங்கே மட்டும் உண்மை, ஏனென்றால் விவிடின் நீல வெள்ளைதான் தவறானது. சரியான வெள்ளைக்கு டி65 என்று பெயர், அதாவது நிற வரைபடத்தில் எக்ஸ் 0.3127, ஒய் 0.3290, கிட்டத்தட்ட 6500 கெல்வின்.

அடுத்து ‘ஏவிஎஸ் எச்டி 709’ என்ற இலவச டெஸ்ட் வீடியோக்களை பென்டிரைவில் போட்டு ஓட்டுங்கள். பிளாக் கிளிப்பிங் பக்கத்தில் 17 முதல் மேலே உள்ள பட்டைகள் மினுக்க வேண்டும், 16-உம் அதற்குக் கீழும் தெரியக்கூடாது (டிவி வீடியோவில் 16 என்பதுதான் முழுக் கறுப்பு). இதைச் சரிசெய்வது ‘பிரைட்னஸ்’. சில மாடல்களில் பேக்லைட்டுக்கே அந்தப் பெயர் வைத்திருப்பார்கள், அங்கே ‘பிளாக் லெவல்’ என்று தேடுங்கள். செட்டாப் பாக்ஸில் மட்டும் கறுப்பு வெளிறினாலோ, இருட்டுக் காட்சி மொத்தமாக அமுங்கிப்போனாலோ எச்டிஎம்ஐ ரேஞ்ச் (கறுப்பும் வெள்ளையும் எந்த எண்ணில் என்ற செட்டிங்) இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. பாக்ஸிலும் டிவியிலும் ‘லிமிடெட்’ வையுங்கள். கலர், டின்ட் இரண்டையும் பெரும்பாலும் தொடவே தேவையில்லை. சர்வீஸ் மெனுவை (கம்பெனி மெக்கானிக்குகளுக்கான மறைவு செட்டிங்) திறக்கிறேன் என்பவரிடம் ரிமோட்டையே கொடுக்காதீர்கள்.

இதற்கு மேலும் துல்லியம் வேண்டும் என்று ஆள் கூப்பிட்டால், என்ன மீட்டர், எத்தனை இன்புட், எச்டிஆரும் உண்டா என்று முன்பே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டு அளவும் உங்கள் கண்ணெதிரே எடுக்கப்பட வேண்டும். சராசரி டெல்டா ஈ 3-க்குக் கீழ் வந்தாலே சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. எல்லாக் கட்டத்திலும் 0.4 என்று தந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

ஏற்கெனவே காசு போயிருந்தால் பில்லையும் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். புகாரில் ‘கலர் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் ‘அது உங்கள் ரசனை’ என்று தட்டிக்கழிப்பார்கள். ரிப்போர்ட்டில் உள்ள நிட்ஸ் அளவு இந்த மாடலுக்குப் பொருந்தவில்லை, சீரியல் நம்பர் இல்லை, மீட்டர் கொண்டுவரவில்லை என்று எழுதுங்கள். அதுவும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.