மச்சாளின் முதல் மமோகிராம்

ஊருக்குப் போகும்போது பல்லையும் கண்ணையும் யாழ்ப்பாணத்திலேயே காட்டிவிட்டு வருவது வெளிநாட்டில் வாழும் எங்களில் பலருக்குப் பழக்கம். இம்முறை நான் துணைக்குப் போனவள். 52 வயது மச்சாளை மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படம் எடுக்க நகரிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றுக்குக் கூட்டிச் சென்றேன்.

வாசலில் 'செயற்கை நுண்ணறிவுப் பரிசோதனை' என்று ஆளுயரப் பதாகை. கணினி பார்த்த பிறகு வைத்தியரும் பார்ப்பாரா என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பிள்ளைக்குத் தெரியவில்லை. கட்டணம் மட்டும் மனப்பாடம்.

உள்ளே குறை சொல்ல இடமில்லை. தட்டு இறங்கி அழுத்தியபோது மச்சாள் முகம் சுளிக்க, படம் எடுத்த பெண் தோளைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை அடக்குங்கள் அம்மா, முடிந்துவிட்டது" என்றார். வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "பழைய படம் இருக்கிறதா?" இல்லை. இந்த வயதில் இதுதான் முதலாவது. மார்பின் அடர்ந்த திசுவும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஆகவே அல்ட்ராசவுண்டும் செய்து பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை. படங்களை இறுவட்டில் கேட்டபோது அறிக்கை போதும் என்றார்கள். விடாமல் நின்று வாங்கினேன். அடுத்த முறை ஒப்பிடப் பழையது வேண்டுமே.

நான் வாழும் சுவீடனில் 40 முதல் 74 வயது வரை பெண்களை மமோகிராமுக்கு அழைத்து வீட்டுக்குக் கடிதம் வரும். ஒரு படத்தை இரண்டு நிபுணர்கள் பார்ப்பது அங்கே வழமை. அங்கே ஒரு இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பங்குபற்றிய 'மசாய்' ஆய்வில், பாதிப் பேரின் படங்களுக்குக் கணினி ஆபத்துப் புள்ளியிட்டது. புள்ளி உச்சத்தில் இருந்தவற்றை இருவரும் மற்றவற்றை ஒருவரும் பார்த்தார்கள். வழமைபோல இருவர் பார்த்த மற்றப் பாதியோடு ஒப்பிட்டால், படம் வாசிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய்கள் 29 சதவீதம் கூடின. முடிவு சொன்னது வைத்தியர்தான்.

ஆனால் அது படங்கள் மலையாகக் குவியும் நாடு. இலங்கையில் எல்லாப் பெண்களையும் மமோகிராமுக்கு அழைக்கும் திட்டம் இல்லை. கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகே பலர் தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். எடுக்காத படத்தை எந்தக் கணினி வாசிக்கும்? நிபுணர்கள் போதாத இடத்தில் அது கைகொடுக்கும் என்பதை மறுக்கவில்லை. சுவீடன் பெண்களிடம் தேறியது எங்கள் பெண்களிடமும் தேறுகிறதா என்று இங்கேயே சோதித்துவிட்டுப் பதாகை கட்டட்டும்.

அதுவரை அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. 35 வயதிலேயே மார்பையும் கருப்பைக் கழுத்தையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். மச்சாளின் மகளுக்கு இப்போது அதே வயது. நேரமில்லை என்றாள். குடும்பநல உத்தியோகத்தரின் இலக்கத்தை வாங்கி, அவள் முன்னாலேயே அழைத்து நாள் குறித்துவிட்டேன்.