ரேமின் முழு வேகம்: எக்ஸ்போவா, எக்ஸ்எம்பியா, கையால் அமைப்பதா?

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் மெமரியைச் சொடுக்கிப் பாருங்கள். 6000 என்று டப்பாவில் போட்டு வாங்கிய டிடிஆர்5 ரேம் அங்கே 4800 என்று காட்டினால், கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை, ரேமில் பழுதும் இல்லை. எந்த மதர்போர்டிலும் 1.1 வோல்ட்டில் பூட் ஆவதற்காக ஜெடெக் என்ற மெமரித் தரநிலை வைத்திருக்கும் வேகம் அது. 6000 வேண்டுமானால் நாம்தான் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்பு மெனு) போய், எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற தயார் அமைப்பை இயக்க வேண்டும். சிபியூ-இசட் மென்பொருளில் 2400 என்று பார்த்துப் பதற வேண்டாம்: டிடிஆரில் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகும், இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 வரிசை சிபியூ ஓடும் ஏஎம்5 சாக்கெட் போர்டையும், 16 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட 6000 சிஎல்30 கிட்டையும். சிஎல் என்பது கேட்ட தரவு வரத் தொடங்க ரேம் எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை.

அப்படியே விட்டால்

4800 சிஎல்40-ல் கேட்ட தரவு வரத் தொடங்கச் சுமார் 16.7 நானோ நொடி. 6000 சிஎல்30-ல் 10. கணக்கு எளிது: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுக்க வேண்டும். பிரவுசர், எக்செல் வேலைக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. சிபியூவை வாட்டும் கேம்களில் தெரியும். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் சிபியூவின் உள் கிராபிக்ஸிலேயே விளையாடுபவருக்கு நன்றாகவே தெரியும். பெரிய கேஷ் உள்ள எக்ஸ்3டி சிப்களில் பலன் குறைவு.

எக்ஸ்போவும் எக்ஸ்எம்பியும்

இரண்டும் செய்வது ஒரே வேலை. வேகம், டைமிங் (சிஎல் போன்ற தாமத எண்கள்), வோல்ட்டேஜ் மூன்றும் ஸ்டிக்கில் உள்ள குட்டிச் சிப்பில் பதிந்திருக்கும். பயாஸ் அதைப் படித்து அமைத்துக்கொள்ளும். எக்ஸ்எம்பி இன்டெல்லுடையது. எக்ஸ்போவை ஏஎம்டி 2022-ல் ரைசன் 7000-உடன் கொண்டுவந்தது. எக்ஸ்எம்பி மட்டும் உள்ள கிட்டும் ஏஎம்5 போர்டில் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் அந்த எண்கள் இன்டெல் கன்ட்ரோலரை மனதில் வைத்துப் போட்டவை. விலை ஒன்றாக இருந்தால் எக்ஸ்போ கிட்டே எடுங்கள். கையில் ஏற்கெனவே எக்ஸ்எம்பி கிட் இருந்தால் அதை மாற்றக் காசு செலவழிக்காதீர்கள். ஏஎம்டியின் விதிப்படி எக்ஸ்போவும் ஓவர்கிளாக்தான், வாரண்டி அதற்குப் பொருந்தாது.

இன்டெல் பக்கம் ஒரே எச்சரிக்கை: ஹெச்610 போர்டில் எக்ஸ்எம்பி போட்டாலும் சிபியூவின் அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டாது.

6000-ஆ, 6400-ஆ?

பெரிய எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாறுவது இங்கேதான். 6000-ல் ரேமின் கடிகாரம் 3000, சிபியூவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் 3000, ஒன்றுக்கு ஒன்று. 6400-ல் கன்ட்ரோலர் 3200-க்கு எழ வேண்டும், எல்லாச் சிப்பும் எழாது. ஆட்டோவில் விட்டால் பல போர்டுகள் சத்தமில்லாமல் பாதியாக, 1600-க்கு, இறக்கிவிடும். தாமதம் கூடிவிடும், காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்ட கதை. ஜென்டைமிங்ஸ் மென்பொருளில் யுசிஎல்கே (கன்ட்ரோலரின் கடிகாரம்), எம்சிஎல்கே (ரேமின் கடிகாரம்) இரண்டும் ஒரே எண்தானா என்று பாருங்கள். தவிர, எட்டுக் கோர் வரையிலான சிப்களில் ஒரே கோர்த் தொகுதிதான். அதை மெமரி கன்ட்ரோலருடன் இணைக்கும் 2000 மெகாஹெர்ட்ஸ் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் வழியாக நொடிக்கு 64 ஜிபிதான் அதற்குள் படிக்க முடியும். 6000-ல் இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து தரக்கூடியதே 96 ஜிபி. குழாய் சின்னது, தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்?

நான்கு ஸ்டிக் போடுவதும் இதே பொறி. ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி தருவது இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கில் வெறும் 3600. 64 ஜிபி வேண்டுமா, 32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குங்கள்.

கையால் அமைப்பது

டிஆர்எஃப்சியை (ரேம் தன்னைப் புதுப்பிக்க எடுக்கும் நேரம்) குறைத்து, டிஆர்இஎஃப்ஐயை (இரு புதுப்பிப்புக்கு நடுவிலான இடைவெளி) ஏற்றினால் எக்ஸ்போவைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். ஆனால் ஸ்டிக் சூடானதும் பிழை தலைகாட்டும், ஃபைல்கள் தெரியாமலே கெடும். பல இரவுச் சோதனைக்குப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

எக்ஸ்போ போட்டதும் திரை வரவில்லையா?

முதலில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். போர்டில் டிராம் என்ற விளக்கு எரிந்துகொண்டிருந்தால் மெமரி டிரெயினிங், அதாவது புதிய வேகத்துக்கு ரேமைப் போர்டு பழக்கும் வேலை, நடக்கிறது. முதல் முறை சில நிமிடம் ஆகும். நடுவில் பவரை அணைத்தால் திரும்பவும் முதலிலிருந்து. கால் மணி நேரமாகியும் வராவிட்டால் சிமாஸை கிளியர் செய்து (பயாஸ் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பி), ஸ்டிக்குகள் சிபியூவிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து பயாஸ் அப்டேட். அதற்கும் மசியவில்லை என்றால் எக்ஸ்போவை வைத்துக்கொண்டே வேகத்தை மட்டும் 5800, பிறகு 5600 என்று இறக்குங்கள். மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜை ஏற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்: 2023-ல் எக்ஸ்3டி சிப்கள் கருகிய பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று வரம்பு போட்டது.

பூட் ஆனதும் பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் தேறவில்லை. சோதனை தேறியும், அணைத்துப் போட்ட பிறகு மட்டும் கணினி தடுமாறினால், பயாஸில், பழைய டிரெயினிங் முடிவையே திரும்பப் பயன்படுத்தும் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை நிறுத்திப் பாருங்கள். பூட் தாமதமாகும், ஆனால் ஒவ்வொரு முறையும் டிரெயினிங் புதிதாக நடக்கும்.