கேரவன் தண்ணீர் பம்ப்: கீழே சரி, மலை ஏறினால் நிற்காது

இந்த பம்ப்பின் நல்ல பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்துவிட்டால் அப்புறம் சொல்ல மனசு வராது.

கேரவனாக, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்குகிற மாதிரி கட்டிய எங்கள் வேனில் பல வருடமாக ஓடுகிறது. கல்லாறு தாண்டி குன்னூர் ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கி எடுத்தாலும் மோட்டார் இதுவரை படுத்ததில்லை. டயாஃப்ரம் பம்ப் (உள்ளே ஒரு ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை) என்பதால் டேங்க் காலியாகிக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடினாலும் உடனே கெட்டுப்போகாது. சிங்க்குக்கும் ஷவருக்கும் ஒரே சீராகத் தண்ணீர் கொடுக்கும். நீலகிரியில் சின்ன தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், மேலே போனால் குடிப்பதற்கும் கழுவுவதற்கும் நாங்கள் நம்பியிருப்பது வண்டி டேங்க்கைத்தான். அந்த வகையில் இது கைவிட்டதே இல்லை.

குழாயை மூடினால் பம்ப் தானாக நிற்க வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறியதும் மோட்டாரை நிறுத்தத்தானே பிரஷர் சுவிட்ச் இருக்கிறது? மலைக்குக் கீழே காரமடையில் வீட்டு வாசலில் நிற்கும்போது அழகாக நிற்கும். ஊட்டி போய்ச் சேர்ந்து, இரவு பத்து மணிக்கு மேல் பனி இறங்க ஆரம்பித்தால் நிற்காது. இதுதான் என் குறை.

ஜனவரி மாதம் ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் நண்பரின் தோட்டத்து வாசலில் வண்டியைப் போட்டிருந்தோம். விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும், அந்த மாதிரிக் குளிர். ஊரே அடங்கிய நேரத்தில் கட்டில் பலகைக்கு அடியில் டர்ர்ர் என்று ஒரே சத்தம். பக்கத்தில் ஒரு வண்டி போனால்கூட அந்தச் சத்தம் அமுங்கும், அங்கே அதுவும் இல்லை. "ஏங்க, அந்த மோட்டாரை ஆஃப் பண்ணுங்க, பாப்பா முழிச்சுக்குவா" என்று வீட்டுக்காரி. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் ராத்திரி கை கழுவ எழுந்தவர் எல்லாம் இருட்டில் சுவரைத் தடவ வேண்டும். அணைக்காமல் விட்டால் பேட்டரி போய்விடும். நான்கு ஆம்பியர் இழுக்கும் மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் 32 ஆம்பியர்-மணி காலி. குளிரில் லெட்-ஆசிட் பேட்டரிக்குத் தெம்பு எப்படியும் குறைவு.

விற்ற கடைக்கு போன் செய்தேன். "பிரஷர் சுவிட்ச் போயிருக்கும் சார், பம்ப்பையே மாத்திடுங்க, புது மாடல் வந்திருக்கு" என்றார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குக் கோபம் பம்ப் மேல் வந்ததைவிட இந்தப் பதில் மேல்தான் அதிகம் வந்தது. கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனை இருக்கின்றன!

விடாமல் ஓடுகிறதா, விட்டு விட்டு ஓடுகிறதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். குழாய் எல்லாம் மூடியிருக்கும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை டுர்ர் என்று ஓடி நின்றால், எங்கோ சொட்டுகிறது, இல்லையென்றால் பம்ப்புக்குள் இருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் டேங்க்குக்கே திரும்பிப் போகிறது என்று அர்த்தம். விடாமல் ஓடினால் பம்ப்பால் கட்-ஆஃப் அழுத்தத்தையே, அதாவது சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும் அழுத்தத்தையே, எட்ட முடியவில்லை என்று அர்த்தம். எங்களுடையது இந்த இரண்டாவது வகை.

அடுத்தது வோல்டேஜ். பேட்டரியில் 12.6 காட்டும், மெல்லிய வயரில் சுற்றிச் சுற்றி வந்து பம்ப் முனையில் 11க்குக் கீழே போயிருக்கும். அப்போது மோட்டார் சுற்றும், ஆனால் கட்-ஆஃப் அழுத்தமான 40 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை அமுக்கத் தெம்பு இருக்காது. அதனால் மல்டிமீட்டரை, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, பம்ப் முனையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அங்கே குறைவில்லை. பம்ப்பிலிருந்து வெளியே போகும் ஹோஸில் ஒரு வால்வு இருக்கிறது, அதை மூடிப் பார்த்தேன். மூடியதும் மோட்டார் நின்றிருந்தால் குற்றம் குழாய், ஷவர், கீசர் பக்கம். நிற்கவில்லை. அப்படியென்றால் பம்ப்பிலேயே கோளாறு, அல்லது டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில். இதற்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை.

கண்டுபிடித்தது ஊட்டியில் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் பார்க்கும் ஒரு தம்பி. ஆர்.ஓ. மெஷினுக்குள் இருப்பதும் சின்ன டயாஃப்ரம் பம்ப்தானே, அதனால் அவருக்குப் புதுசாக ஒன்றும் இல்லை. கட்டில் பலகையைக் கழற்றினார். டேங்க்கிலிருந்து வரும் ஹோஸைப் பிடுங்கினார். தன் பையிலிருந்து ஒரு துண்டு ஹோஸை எடுத்து பம்ப் வாயில் நேராகச் செருகி, மறுமுனையைப் பக்கெட் தண்ணீரில் விட்டார். சுவிட்ச் போட்டதும் குழாயில் தண்ணீர் வந்தது. மூடினார். டக். நின்றுவிட்டது. மறுபடி திறந்து மூடினார், மறுபடி டக்.

"பம்ப்ல ஒண்ணும் இல்லண்ணா. ஃபில்டர் மூடியைப் பாருங்க, தண்ணி வெளிய ஒழுகல, காத்து உள்ள போகுது."

டேங்க் வண்டிக்கு அடியில், பம்ப் மேலே. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் அங்கே ஒரு சொட்டு ஈரம்கூட வெளியே தெரியாது, காற்றைத்தான் இழுக்கும். பம்ப் வாய்க்கு முன்னால் இருக்கும் சின்ன ஃபில்டரின் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம். அதை நகத்தால் நெம்பி எடுத்துக் கையில் கொடுத்தார். உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகி, வளைத்தால் பழைய வளையல் மாதிரி விறைத்து நின்றது. கீழே வெயிலில் கொஞ்சம் இளகி அடைத்துக்கொள்கிறது. குளிரில் சுருங்கி வழிவிடுகிறது. போதாக்குறைக்கு ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால்வாசிதான். டேங்க்கிலிருந்து தண்ணீரை மேலே தள்ளுவதே அந்தக் காற்றழுத்தம்தான். தள்ளும் பலமும் குறைவு, நடுவில் காற்றும் புகுந்தால் பம்ப் எங்கே 40 பி.எஸ்.ஐ. எட்டுவது? பம்ப்புக்குள் காற்று மாட்டினால் அது அமுங்கி அமுங்கி விரியும், அழுத்தம் ஏறாது, சுவிட்ச்சுக்கு நிற்கச் சொல்லி ஆளில்லை.

ஆர்.ஓ. ஃபில்டருக்குப் போடும் சிலிகான் வளையத்தில் அளவு பொருந்தியதைப் போட்டு, ஹோஸ் கிளாம்ப்பை இறுக்கினார். வளையத்துக்கு வாங்கியது இருபது ரூபாய். கூலி தனியாகக் கொடுத்தேன், வாங்க யோசித்தார். சுவிட்ச்சில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பி கட்-ஆஃபைக் குறைக்கலாமே என்று கேட்டதற்கு, "அது கடைசி வேலண்ணா, காத்து புகுறதை விட்டுட்டு அதைத் திருப்பினா ஷவர்ல பிரஷர் போயிரும்" என்றார். சரியான பேச்சு.

அதற்கப்புறம் உறைபனி நாட்களிலும் போய்த் தங்கிவிட்டோம். மூடினால் நிற்கிறது. ராத்திரி சத்தம் இல்லை.

இப்போது மச்சினன் திருப்பூரில் வேனை கேரவனாகக் கட்டப்போகிறான். "மாமா, உங்க வண்டியில இருக்கிற பம்ப்பையே போட்டுரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மோட்டார் நல்ல மோட்டார், தண்ணீர் நன்றாக வருகிறது, மேலே எழுதியதில் ஒரு வார்த்தையும் மாறவில்லை. ஆனால் அந்த ரப்பர் வளையத்தைத் தனியாக விற்க மாட்டார்கள். ஃபில்டரோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும், அதுவும் ஸ்டாக் இல்லை என்பார்கள், கடைசியில் பம்ப்பையே மாற்று என்பார்கள். ஓடுகிற மோட்டாரைக் குப்பையில் போடச் சொல்லும் கடைக்கு நான் இன்னொரு தடவை பணம் கொடுக்க மாட்டேன்.

எந்தக் கம்பெனி பம்ப் வாங்கினாலும் ஃபில்டர் வளையம், வால்வு, பிரஷர் சுவிட்ச் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்கச் சொன்னேன். பாடி கட்டும் பட்டறையில் மூன்று வேலை சொல்லியிருக்கிறான்: டேங்க்கிலிருந்து பம்ப் வரை உள்ளே குமிழி தெரிகிற மாதிரிக் கண்ணாடி ஹோஸ், பம்ப்பை அடுத்து ஒரு வால்வு, பம்ப்புக்கு நேர் மேலே கட்டிலைக் கழற்றாமல் திறக்கிற மாதிரி ஒரு சின்னக் கதவு. கதவுக்கு மட்டும் தனியாகக் காசு கேட்கிறார்களாம். கொடுத்துவிடு என்று சொன்னேன்.