தெற்கே, வடக்கே, இல்லையென்றால் ஃபெரி: சிட்னிக்கு வந்த சொந்தங்களை எங்கே அழைத்துப்போவது?

என் அம்மா அப்பாவுக்கு நாகப்பட்டினம். கணவரின் பெற்றோருக்குக் கோயம்புத்தூர். நாத்தனார் குடும்பம் பெங்களூரு; மீசை அரும்பும் வயதில் இரண்டு பையன்கள். இந்த மூன்று அணியும் தனித்தனி ஆண்டுகளில் சிட்னியின் மேற்குப் பகுதியான டூங்காபியில் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் மெத்தை விரித்து, வெந்நீர்த் தொட்டியைக் காலை ஏழரைக்குள் காலிசெய்து, வாரக்கணக்கில் தங்கிப் போயிருக்கிறார்கள். ஒவ்வோர் அணியையும் எங்கள் சக்திக்கு எட்டிய கடற்கரைக்கெல்லாம் அழைத்துப் போயிருக்கிறோம். எது யாருக்குப் பொருந்தியது, எது கவிழ்ந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

ஊரிலிருந்து வருபவர்களுக்குச் சனிக்கிழமை எவ்வளவு பெரிது என்பது அவர்களோடு இருந்து பார்த்தால்தான் தெரியும். திங்கள் முதல் வெள்ளி வரை நாங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விடுவோம். தெருவில் கீரைக்காரர் குரல் கிடையாது, பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்துப் பேச ஆள் கிடையாது. "இந்த ஊரில் மனிதர்கள் இருக்கிறார்களா, கார்கள் மட்டும்தானா?" என்று முதல் வாரமே அப்பா கேட்டுவிட்டார். ஐந்து நாள் அடைபட்ட அலுப்பு முழுவதையும் ஒரு சனிக்கிழமை சுமக்க வேண்டியிருக்கிறது.

முதல் முறை நான் படத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய தவறு. இப்போது நான் கேட்கும் கேள்விகள் வேறு: கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எத்தனை படி ஏற வேண்டும், மதியச் சாப்பாடு எங்கே, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கத்திரி வெயிலுக்குத் தப்பித்து மே, ஜூன் மாதங்களில் விமானம் ஏறுபவர்கள் நேராக இங்கே குளிர்காலத்தில் வந்து இறங்குகிறார்கள். ஜூனில் சிட்னியில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

தெற்கு: கோயிலில் தொடங்கும் சாலை

என் ஓட்டு தெற்குக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஹெலன்ஸ்பர்க். அங்கே காட்டு மரங்களுக்கு நடுவே 1985இல் குடமுழுக்கு கண்ட வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. பயணத்தைக் கோயிலில் தொடங்குவதில் பக்தியைத் தவிர வேறொரு லாபமும் உண்டு. காலைச் சிற்றுண்டி, கழிப்பறை, உட்கார இடம், நம் முகங்கள் என நான்கும் ஒரே இடத்தில் முடிந்துவிடுகின்றன. வார இறுதியில் கோயில் உணவகத்தில் சுடச்சுட இட்லியும் தோசையும் கிடைக்கும். அப்பா அங்கே திருவாரூர்க்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார். அவரைப் பிரித்து வண்டியில் ஏற்ற முக்கால் மணி நேரம் ஆனது.

கோயிலிலிருந்து சில நிமிடங்களில் பால்ட் ஹில் என்ற மலைமுகடு. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் படியே ஏறாமல் கடற்கரை முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். கீழே தெரியும் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில்தான் 1894இல் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் நான்கு பெட்டிக் காற்றாடிகளைக் கோத்துக் கட்டி, தானே அதில் தொங்கி, தரையிலிருந்து சுமார் ஐந்து மீட்டர் உயரம் எழும்பினார். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அப்பாவுக்கு இதெல்லாம் கரும்பு. அவரை உண்மையில் குழப்பியது வேறு. உச்சிப்பொழுதிலும் சூரியன் தலைக்கு மேல் வராமல் வடக்கே தாழ்ந்து நின்றது. "கடல் கிழக்கே இருக்கிறது, நம் ஊர் மாதிரியே. ஆனால் சூரியன் போகும் வழி சரியில்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

அங்கிருந்து இறங்கினால் சீ க்ளிஃப் பாலம். மலையை ஒட்டி ஓடிய பழைய சாலையில் பாறைகள் உருண்டு விழுந்துகொண்டே இருந்ததால், 2003இல் அதை மூடிவிட்டு, சாலையைக் கடலின் மேல் தள்ளிக் கட்டினார்கள். 665 மீட்டர் நீளம், 2005 டிசம்பரில் திறந்தார்கள். ஓரத்தில் நடைபாதை உண்டு. ஆனால் வண்டி நிறுத்தப் பாலத்தின் முனைகளுக்குப் போக வேண்டும். வார இறுதியில் அங்கே இடம் கிடைப்பது நம் அதிர்ஷ்டம். முழங்கால் வலிக்காரர்கள் காரிலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும். குறையொன்றும் இல்லை.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு அவர் கடற்கரையில் கால் வைப்பதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தெருவில் ஆயிற்று. முகட்டிலிருந்து பார்க்கச் சொன்னால் பார்ப்பார். மணலில் இறங்கச் சொன்னால் "நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று காருக்குள் உட்கார்ந்துகொள்வார். தெற்குச் சாலையில் ஆஸ்டின்மர் என்ற சிற்றூர் வருகிறது. கடலின் விளிம்பில், பாறைகளுக்கு நடுவே சுவர் எழுப்பிக் குளம் கட்டியிருக்கிறார்கள். அலை வந்து நிரப்பிவிட்டுப் போகும். உள்ளே தண்ணீர் அடங்கிக் கிடக்கும். நியூ சௌத் வேல்ஸ் கடற்கரை நெடுக இப்படிப் பல குளங்கள் உண்டு. அம்மா சுற்றுச்சுவரைப் பார்த்தார். பிறகு குளத்தைப் பார்த்தார். "இது கோயில் குளம் மாதிரிதானே" என்று புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஐஸ்போல் இருந்தது. அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே தெற்குக்கு எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் கொடுப்பேன். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நீர் வற்றம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நீர் ஏற்றத்தோடு பெரிய அலையும் சேர்ந்தால் சுவரைத் தாண்டி அடிக்கும்.

வொல்லாங்காங் அருகே 1995இல் திறக்கப்பட்ட நான் தியென் பௌத்தக் கோயில் இருக்கிறது. அழகுதான். ஆனால் ஒரே நாளில் இரண்டு கோயில் என்றால் பிள்ளைகள் புரட்சி செய்கிறார்கள். திங்கட்கிழமைகளில் அது மூடியிருக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எல்லோரும் கியாமா வரை போகச் சொல்வார்கள். சிட்னி நகரிலிருந்து 120 கிலோமீட்டர். பாறைக்கு அடியில் குகை, மேலே துளை. அலை உள்ளே புகுந்து துளை வழியே வானத்துக்குப் பீய்ச்சியடிக்கும். 1797இல் ஜார்ஜ் பாஸ் திமிங்கலப் படகில் வந்தபோது பார்த்துக் குறித்துவைத்த இடம். நாங்கள் போன அன்று கடல் தாம்பாளத்துத் தண்ணீர்போல் கிடந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றோம். துளை ஒருமுறை ஏப்பம் விட்டது, அவ்வளவுதான். தென்கிழக்கிலிருந்து அலை வந்தால்தான் அது பொங்கும் என்பதை வீட்டுக்கு வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அலை நிலவரத்தைப் பார்க்காமல் கியாமாவுக்குப் போவது, நடை சாத்திய நேரத்தில் கோயிலுக்குப் போவதுபோலத்தான்.

வடக்கு: ஓங்கில்களும் மணலும்

சிட்னிக்கு வடக்கே இருக்கும் போர்ட் ஸ்டீபன்ஸ் என்ற வளைகுடாப் பகுதி, படங்களில் தெற்கைத் தோற்கடித்துவிடும். வளைகுடாவிலேயே குடியிருக்கும் ஓங்கில்கள் (டால்பின்கள்), மே முதல் நவம்பர் வரை கடந்துபோகும் கூனல்முதுகுத் திமிங்கலங்கள், கடலோரமாக முப்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஸ்டாக்டன் மணல்மேடுகள். அந்த மணல், வொரிமி பழங்குடி மக்களின் நிலம். அரசின் தேசியப் பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து அவர்களே அதை நிர்வகிக்கிறார்கள்.

சிக்கல் தூரம்தான். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். எங்கள் பகுதியிலிருந்து போகும்போது சுரங்கச் சாலைக்குச் சுங்கமும் கட்ட வேண்டும். ஜூனில் காலை எட்டுக்குக் கிளம்பினாலும் பத்தரைக்குத்தான் போய்ச் சேர முடியும். இருட்டில் நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது என்றால் இரண்டரைக்கே திரும்ப வேண்டும். பாதி நேரம் படகுக்கே சரியாகிவிடும். அப்பாவையும் அம்மாவையும் இப்படித்தான் ஒருநாள் இழுத்துப்போனோம். அம்மா படகில் ஏற மாட்டேன் என்றுவிட்டார், எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்பா மணல்மேட்டின் அடிவாரத்தில் நின்று, "கோடியக்கரையில் பார்க்காத மணலா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். ஐந்து மணி நேரக் கார்ப் பயணத்துக்குக் கிடைத்த விமர்சனம் அது.

ஆனால் நாத்தனார் குடும்பம் டிசம்பரில் வந்தபோது அதே இடம் சொர்க்கமாக இருந்தது. பகல் நீளம், எட்டு மணிவரை வெளிச்சம். பையன்கள் பலகையில் உட்கார்ந்து மணலில் சறுக்கி, பல்லிடுக்கிலெல்லாம் மணலோடு வந்தார்கள். டோமரீ மலைமுகட்டுக்கு ஓடியே ஏறினார்கள். 161 மீட்டர்தான் என்றாலும் படிகள் செங்குத்து, பெரியவர்களை அந்தப் பக்கமே காட்டாதீர்கள். அன்று சின்னவன் காலில் புளூபாட்டில் என்ற நீலநிறக் கொட்டும் உயிரி சுற்றிக்கொண்டது. யாரோ வினிகர் தேடி ஓடினார்கள். இதற்கு வினிகர் வேண்டாம். கொடுக்குகளை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் காலை வைத்திருக்க வேண்டும். அந்த முறை இரவு தங்கினோம். தங்கவில்லையென்றால் வடக்கு வேண்டாம் என்பது என் கட்சி. என் கணவர் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஓட்டுவது தான்தானே என்கிறார். பின்னிருக்கையில் வாந்தி உறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்?

ஃபெரி: காரே வேண்டாத கடல்

அத்தையும் மாமாவும் கோவையிலிருந்து வந்தபோது, நேர மாற்றத்தில் பகலில் தூங்கி இரவில் விழித்துக் கிடந்த முதல் வாரத்தில், மேன்லி கடற்கரைக்குப் போனோம். ரயிலில் நகருக்குப் போய், சர்குலர் கீ படகுத்துறையில் ஃபெரி ஏறினால் அரை மணியில் மேன்லி. வீட்டிலிருந்து கணக்குப் பார்த்தால் இரண்டு மணி நேரம் ஆகிறது. தெற்குச் சாலையில் அதற்குள் கியாமாவையே தொட்டுவிடலாம். ஆனால் இந்த இரண்டு மணி நேரமும் வேடிக்கை. போகும்போது வலப்பக்கம் ஓபரா ஹவுஸ், இடப்பக்கம் 1932இல் திறந்த பாலம். தனியாகச் சுற்றுலாப் படகுக்குப் பணம் கட்டிப் பார்ப்பதை வழக்கமான பயணக் கட்டணத்திலேயே பார்த்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஓப்பல் என்ற பயண அட்டை இல்லாவிட்டாலும் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். வெள்ளி, சனி, ஞாயிறுகளில் ஒருநாள் கட்டண உச்சவரம்பு மற்ற நாள்களைவிடக் குறைவு. இங்குள்ள மூத்தோர் சலுகை மட்டும் விருந்தினர்களுக்குக் கிடையாது.

துறைமுக வாயிலைக் கடக்கும் சில நிமிடங்கள் ஃபெரி நன்றாக ஆடும். தலைசுற்றல் உள்ளவர்களைக் கீழ்த்தளத்தில் உட்காரவைக்கலாம். இறங்கினால் கடற்கரை வரை சமதளம், பைன் மரங்களுக்கு அடியில் பெஞ்சுகள், கழிப்பறைகள். ஷெல்லி பீச் வரை போகும் நடைபாதையில் பெரிய ஓணான்கள் வெயில் காயும். மாமா அவற்றைத்தான் அதிக நேரம் பார்த்தார். சைவச் சாப்பாட்டுக்கு அங்கே பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுவல்தான் கதி. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், கடற்புறாக்களிடம் ஜாக்கிரதை. அத்தையின் அப்பளத்தை ஒன்று கையிலிருந்தே பறித்துக்கொண்டு போயிற்று.

கடலையே அதிகம் பார்க்காத அத்தைதான் எல்லோரையும்விடத் துணிச்சலாகத் தண்ணீரில் இறங்கினார். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும்தான் இறங்க வேண்டும் என்று அவருக்குப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன். அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரியும் இடம்தான் பத்திரம் என்று நம் கண்ணுக்குத் தோன்றும். இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆக, முழங்கால் வலியும் பக்தியும் உள்ளவர்களுக்குத் தெற்கு, பையன்கள் இருந்தால் இரவு தங்கலோடு வடக்கு, வந்த புதிதிலும் கார் போதாதபோதும் ஃபெரி. கார் பெரும்பாலும் போதாது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி இருக்கை பொருத்துவது இங்கே சட்டம், யார் மடியிலும் வைத்துக்கொள்ள முடியாது. ஐந்து பேர் காரில் இரண்டு பிள்ளை இருக்கைகளைப் பொருத்திவிட்டால் நடுவில் மிஞ்சும் இடத்தில் பாட்டி உட்கார முடியாது, பாட்டியின் கைப்பைதான் உட்காரலாம். இரண்டு காரில் போய்ப் பார்த்தோம். முகட்டில் ஓர் அணி, கோயிலில் ஓர் அணி, நடுவில் தொலைபேசியில் வாக்குவாதம். கியாமா வரை மின்ரயில் இருக்கிறது, வழியில் சன்னலுக்குக் கீழேயே கடல் தெரியும், ஆனால் வார இறுதியில் தண்டவாளப் பணி என்று அடிக்கடி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

வரும் ஜூனில் முதல்முறையாக இரு வீட்டுப் பெரியவர்களும் ஒன்றாக வருகிறார்கள். எட்டு பேர். எட்டு இருக்கை வண்டி ஒன்றை வாடகைக்குச் சொல்லியாயிற்று, திசை தெற்குதான், ஹெலன்ஸ்பர்க்கில் தொடங்கி ஆஸ்டின்மரில் முடிக்கிறோம். மாமாவுக்கு முழங்கால், அப்பாவுக்கு இடுப்பு, அத்தைக்கும் அம்மாவுக்கும் சன்னல் வேண்டும். எனவே மூன்றாம் வரிசையில், பிள்ளை இருக்கைகளுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப்போவது நான்தான்.