சாப்பாட்டுக்காக ஒரு வார இறுதி: கொடைக்கானலா, ஊட்டியா?

தஞ்சாவூரிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ புறப்பட்டு, சனி, ஞாயிறு இரண்டே நாளில் கடை கடையாக ருசி பார்த்துத் திரும்ப நினைக்கும் தம்பதியருக்கு, திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக ஏறிவிடக்கூடிய கொடைக்கானலே வசதியானது. கோவை, மேட்டுப்பாளையம் வழியாகச் செல்லும் ஊட்டிப் பயணம் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். கொடைக்கானலில் ஆவி பறக்கும் திபெத்திய மோமோவையும் துக்பா நூடுல்ஸ் சூப்பையும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டால், அடுத்த கடைக்கும் வயிற்றில் இடமிருக்கும். ஊட்டியின் பெருமை வர்க்கி என்ற பேக்கரிப் பலகாரம்: விறகு அடுப்பில் சுடப்பட்டு, மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே அடுக்கடுக்காகவும் இருக்கும் அதைச் சூடான நீலகிரித் தேநீரோடுதான் சாப்பிட வேண்டும். சாக்லேட் இரண்டு ஊரிலும் உண்டு. டிகிரி காபியில் ஊறிய நாக்குக்கு இரண்டு ஊர்க் காபியும் சுமார்தான். கூடுதலாக ஒரு நாள் விடுப்பு கிடைத்தால் ஊட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். சொந்த வண்டியில் செல்வோர், இரண்டு ஊருக்குமே 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸை (இணையவழி அனுமதிச் சீட்டை) முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.