யீ ஜிங்: இரண்டு கோடு புரண்டால் எதைப் படிப்பது?

இருக்கிற வேலையை விடுவதா, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவதா என்று யீ ஜிங் என்ற பழைய சீனக் குறி நூலில் கேட்டுப் பார்க்க நினைக்கும் நண்பர் ஒருவர், மூன்று நாணயம் போதுமா, பழைய முறைப்படி 50 செடித் தண்டும் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். ஆறு கோடு சேர்ந்த வடிவம்தான் குவா, அப்படி 64 உண்டு, கோடுகளைக் கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். கருவி பற்றிக் கடைசியில் சொல்கிறேன். எத்தனை காலம் புழங்கினாலும் தீராத எரிச்சல் புரளும் கோடுகளில், அதாவது முழுக்கோடு உடைந்த கோடாகவும் உடைந்தது முழுக்கோடாகவும் மாறி வேறொரு குவாவைத் தருவதில், இருக்கிறது.

ஒரு வீச்சைப் பார்ப்போம். தலை 3, பூ 2 என்று வைத்து மூன்று நாணயத்தை ஆறு முறை வீசியதில், கூட்டுத்தொகை கீழிருந்து 6, 8, 7, 7, 9, 7. 7, 9 விழுந்தால் முழுக்கோடு, 6, 8 விழுந்தால் உடைந்த கோடு; இவற்றில் 6, 9 மட்டும் புரளும். இது 33ஆம் குவா துன், அதாவது விலகல். வேலையை விடுவது பற்றிய கேள்விக்கு இதைவிட நேரான குவா கிடையாது. ஆனால் 6 விழுந்த முதல் கோடும் 9 விழுந்த ஐந்தாம் கோடும் புரளும் கோடுகள். முதல் கோடு சொல்வது: விலகலின் வால், ஆபத்து, எங்கும் கிளம்பாதே. ஐந்தாம் கோடு சொல்வது: அழகான விலகல், உறுதியாக நின்றால் நன்மை. இரண்டும் புரண்டு பிறக்கும் 30ஆம் குவா லீ, பசுவைப் பேணினால் நன்மை என்கிறது. ஒரே வீச்சில் மூன்று திசை. வீட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டிருப்பவர் இதை வைத்து எப்படி முடிவெடுப்பார்?

எப்போதோ வரும் சிக்கல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோடும் புரள நான்கில் ஒரு வாய்ப்பு. கணக்குப் போட்டால் எதுவும் புரளாத வீச்சு 100க்கு 18. ஒன்று மட்டும் புரள்வது 36. மிச்சமுள்ள 46 சொச்சம், ஏறக்குறைய பாதி, இப்படித்தான் வரும்.

12ஆம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற சீன அறிஞர் இதற்கு ஒரு முறை வகுத்தார். எதுவும் புரளாவிட்டால் குவாவின் பொது வாசகம். ஒன்று புரண்டால் அந்தக் கோடு. இரண்டு புரண்டால் இரண்டையும் படித்து, மேலே இருப்பதை முதன்மையாகக் கொள்ள வேண்டும். மூன்று என்றால் பழைய குவா, புதிய குவா இரண்டின் பொது வாசகமும். நான்கு என்றால் புதிய குவாவில் புரளாத இரண்டு கோடு, அதில் கீழே உள்ளது முதன்மை. ஐந்து என்றால் புரளாமல் நின்ற ஒன்று, அதுவும் புதிய குவாவில். ஆறும் புரண்டால் புதிய குவாவின் பொது வாசகம். முதல் இரண்டு குவாவுக்கு மட்டும் தனி வாசகம் உண்டு. இந்த முறைப்படி மேலே சொன்ன வீச்சில் ஐந்தாம் கோடுதான் பேசுகிறது. கைப்பேசிச் செயலிகள் பல, புரண்ட கோடுகளின் வாசகத்தை எல்லாம் சமமாகக் கொட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அதோடு "மீண்டும் வீசு" என்று ஒரு பொத்தான் வேறு. நூலின் 4ஆம் குவாவான மெங் சொல்வதோ, முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று முறை கேட்பது தொல்லை, தொல்லை கொடுப்பவருக்குச் சொல்வதில்லை என்று.

ஜூ ஷியின் முறையும் பின்னால் வந்ததுதான். பழைய சீனத்தின் லூ நாட்டு அரசனின் தாய் மூ ஜியாங் சதி செய்து, கிழக்கு அரண்மனையில் அடைக்கப்பட்ட கதை ஸோ ஜுவான் என்ற பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. அங்கே போகும்போது தண்டு போட்டதில் 52ஆம் குவா கென் வந்து, ஐந்து கோடு புரண்டு 17ஆம் குவா சுய் ஆனது. சுய் என்றால் வெளியேறுதல், சீக்கிரம் வந்துவிடுவீர்கள் என்றார் குறி பார்த்தவர். மூ ஜியாங் மறுத்தார். சுய்யின் "குற்றமில்லை" என்ற சொல் அதில் கூறிய நான்கு நற்பண்பும் உள்ளவருக்கு, தீமையைத் தேடிக்கொண்ட எனக்கு அல்ல, இங்கேயே சாவேன் என்றார். அங்கேதான் இறந்தார், கி.மு. 564ல். புரளாமல் நின்ற இரண்டாம் கோட்டை, "சிறுவனைப் பற்றி ஆடவனை இழத்தல்" என்பதை, படித்திருக்க வேண்டும் என்பது ஜூ ஷியின் கட்சி. இருவரில் மூ ஜியாங் பக்கம்தான் நான். அவர் வாசகத்தில் உள்ள நிபந்தனையைப் பார்த்தார். துன்னின் ஐந்தாம் கோட்டிலும் "நன்மை"க்கு முன்னால் "உறுதியாக நின்றால்" இருக்கிறது. ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாதவர் அந்தச் சொல்லைத் தாண்டிப் போகக் கூடாது.

இனி தண்டு. 50ல் ஒன்றை ஒதுக்கி, 49ஐ இரண்டாகப் பிரித்து, வலப்பக்கத்திலிருந்து ஒன்றை இடக்கை விரலிடுக்கில் செருகி, இரு குவியலையும் நான்கு நான்காகக் கழிக்க வேண்டும். மிச்சமின்றி வகுபட்டால் கடைசி நான்கையும் மிச்சமாகவே எடுக்க வேண்டும். பலர் பிசகுவது இங்கேதான். விரலிடுக்கில் சேர்வது முதல் சுற்றில் 5 அல்லது 9, எஞ்சியதை மட்டும் சேர்த்து இதையே செய்யும் அடுத்த இரண்டு சுற்றிலும் 4 அல்லது 8. வேறு எண் வந்தால் எண்ணியது தப்பு. மூன்று சுற்று முடிந்து எஞ்சுவது 24, 28, 32, 36 இவற்றில் ஒன்று. நான்கால் வகுத்தால் வரும் 6, 7, 8, 9தான் கோடு. ஆறு கோட்டுக்கு 18 சுற்று. நான்காம் கோடு வருவதற்குள் "விடலாமா" என்ற கேள்வி "எதைச் சரிசெய்யாமல் விட முடியாது" என்று தானாகத் திருந்திவிடுகிறது. நான் எதிர்பார்க்காத நன்மை அது. நாணயம் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோவதால் இது கிடைக்காது.

விழும் விகிதமும் வேறு. நாணயத்தில் 6, 9 ஒவ்வொன்றுக்கும் 16ல் 2. தண்டில் 6க்கு 1, 9க்கு 3, 7க்கு 5, 8க்கு 7. ஆனால் 1, 3 சேர்ந்தாலும் 16ல் 4தான். தண்டு போட்டாலும் புரளும் கோடு குறையாது.

ஆகவே நண்பருக்கு: தண்டு வாங்க வேண்டாம். ஒரே அளவுள்ள 16 மணிகளை நான்கு நிறத்தில் 1, 3, 5, 7 என்று பையில் போட்டு, எடுத்த மணியை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்கினால் தண்டின் விகிதம் அப்படியே வரும். தண்டைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும் இதுதான் என் முடிவு. பூக்கட்டிப் பார்ப்பது போல ஒற்றைப் பதில் வேண்டுமென்றால் அந்த மணிகளும் வேண்டாம். இரண்டு கோடு புரண்ட நாளில் விலகல் கடிதம் அனுப்பாதீர்கள்.